மல்டி ஃப்யூவல் ஸ்டவ்: மூட்டுவது, எரிப்பது, பராமரிப்பது

விறகும் எரிக்கலாம், கரியும் எரிக்கலாம் என்று சொல்லி விற்கப்படும் கணப்பு அடுப்புதான் மல்டி ஃப்யூவல் ஸ்டவ். வார்ப்பிரும்பாலோ எஃகுத் தகட்டாலோ ஆன பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, மேலிருந்தோ பின்னாலிருந்தோ புகைபோக்கிக்குப் போகும் குழாய். பார்ப்பதற்கு எளிமையாக இருப்பதால் தீக்குச்சி கிழித்தால் போதும் என்று தோன்றும். முதல் குளிர்காலத்திலேயே கண்ணாடி கறுத்து, அறையெல்லாம் புகை வாடை அடித்து, விறகு தீர்ந்தும் வீடு சூடாகவில்லையே என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறைய. பெரும்பாலும் ஸ்டவ்வில் கோளாறு இருக்காது. காற்றை எங்கிருந்து விடுவது என்பதுதான் பிடிபட்டிருக்காது.

அது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

காற்று வரும் வழிகள்

ஸ்டவ்வின் அடிப்பக்கத்தில், சாம்பல் தட்டுக்கு அருகே ஒரு திறப்பு இருக்கும். அதன் வழியே வரும் காற்று, எரிபொருள் உட்கார்ந்திருக்கும் கம்பித்தட்டின் இடைவெளிகள் வழியாகக் கீழிருந்து மேலே ஏறும். இது கீழ்க்காற்று. கதவுக்கு மேலே இன்னொரு திறப்பு. அதில் நுழையும் காற்று கண்ணாடியின் உட்புறத்தை ஒட்டி மேலிருந்து கீழே வழிந்து தீயின் தலைப்பகுதியில் போய்ச் சேரும். இது மேல்காற்று. கண்ணாடி சுத்தமாக இருப்பதும் இந்தக் காற்றால்தான். சில ஸ்டவ்களில் பின்சுவரில் சிறு துளைகள் இருக்கும். அவை பெரும்பாலும் திறந்தே இருக்கும்படி அமைக்கப்பட்டவை, அவற்றை நாம் தொட வேண்டியதில்லை.

ஏன் இரண்டு வழி? விறகும் கரியும் எரியும் விதமே வேறு. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம், சூடு பட்டதும் வாயுவாக வெளியேறிவிடும். நாம் பார்க்கும் நீளமான மஞ்சள் சுவாலை கட்டைக்கு மேலே அந்த வாயு எரிவதுதான். அதற்குக் காற்று மேலிருந்து வேண்டும். ஆந்த்ரசைட் என்ற கெட்டியான நிலக்கரி போன்ற கரியில் அப்படி வெளியேறும் வாயு மிகக் குறைவு. அது பெரும்பாலும் திடக் கார்பனாகவே கனன்று எரியும். அந்தத் தணலுக்குக் காற்று அடியிலிருந்து கிடைக்க வேண்டும்.

ஆகவே விறகுக்கு மேல்காற்று, கரிக்குக் கீழ்க்காற்று. இதை மாற்றிச் செய்தால், அதாவது விறகை எரித்துக்கொண்டே கீழ்த் திறப்பை முழுசாகத் திறந்து வைத்தால், கட்டை பரபரவென்று எரிந்து தீர்ந்துவிடும், சூடெல்லாம் புகைபோக்கி வழியே போய்விடும். கரிக்குக் கீழ்க்காற்றை அடைத்துவிட்டால் அது எரியாமல் செத்துப்போகும்.

எரிபொருள்

விறகில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஈரம். மொத்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீராகவே இருக்கலாம். பத்து கிலோ பச்சை விறகை உள்ளே வைத்தால் ஐந்து கிலோ தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆவியாக்கி வெளியே அனுப்புகிறோம். அந்தச் சூடு அறைக்கு வரவேண்டிய சூடு. போதாததற்கு, ஈர விறகின் தீ குளிர்ந்துபோய் எரியாத வாயு புகைபோக்கிச் சுவரில் தாராகப் படியும்.

பிளந்த விறகு காய ஒன்று முதல் இரண்டு வருடம் ஆகும். ஓக் போன்ற கெட்டி மரங்கள் அதற்கும் மேல். மழை படாமல் மேலே மட்டும் மூடி, தரையிலிருந்து தூக்கி, பக்கங்களைக் காற்றாடத் திறந்துவிட்டு அடுக்குங்கள். தார்ப்பாயால் முழுசாகச் சுற்றி மூடிவிட்டால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும்.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள, வெட்டு முனையைப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வெடிப்புகள் ஓடியிருக்கும், பட்டை கையோடு உரிந்து வரும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது தொப்பென்று இருக்கும். ஆனால் கண்ணையும் காதையும் மட்டும் நம்ப வேண்டாம். கையடக்க ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்புறத்தில் அதன் ஊசிகளை அழுத்துங்கள். வெளித்தோலில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் குறைவாகவே காட்டும், ஏமாந்துவிடுவோம்.

கரி என்று இங்கே நான் சொல்வது ஆந்த்ரசைட்டையும், கட்டிகளாக அழுத்திச் செய்த புகையில்லாக் கரியையும். சாதாரண வீட்டு நிலக்கரி நிறைய புகையும் கரிப்புகைப் படிவும் தரும். பல இடங்களில் அதற்குத் தடை உண்டு, உங்கள் ஊர் விதி என்ன என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரியான பெட்ரோலியம் கோக் வேண்டாம். அது தரும் அதீதச் சூட்டில் கம்பித்தட்டு உருகி வளையக்கூடும். உங்கள் ஸ்டவ்வின் கையேட்டில் எந்தக் கரிக்கு அனுமதி என்று எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள்.

பெயின்ட் அடித்த மரம், ரசாயனம் ஏற்றிய வேலிக் கட்டை, எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிளைவுட், பிளாஸ்டிக், வீட்டுக் குப்பை ஆகியவற்றை எந்த ஸ்டவ்விலும் எரிக்கக் கூடாது. வெளிவரும் நச்சுப் புகை நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும்தான் வரும்.

விறகையும் கரியையும் ஒரே தீயில் கலக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஸ்டவ்வின் பெயரே அதற்கு அனுமதி தருவது போலத் தோன்றுகிறது. ஆனாலும் வேண்டாம். விறகிலிருந்து நீராவி வரும், கரியிலிருந்து கந்தகம் வரும். இரண்டும் புகைக்குழாயில் சேர்ந்தால் அமிலமாகி, புகைபோக்கிக்குள் இறக்கியிருக்கும் எஃகு லைனரை அரித்துவிடும். இன்றைக்கு விறகு, அடுத்த வாரம் கரி என்று மாற்றிக்கொள்ளலாம், அதில் தவறில்லை. அடிக்கடி கரி எரிப்பவராக இருந்தால், லைனர் 316 தர எஃகா, 904 தர எஃகா என்று விசாரியுங்கள். அமிலத்தைக் கூடுதலாகத் தாங்குவது 904.

முதல் தீக்கு முன்

புகைபோக்கியைத் துப்புரவு செய்பவரை வரவழைத்து ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். பறவைக்கூடு அடைத்திருப்பது சர்வ சாதாரணம். வீட்டின் பழைய உரிமையாளர் போன வருடம்தான் செய்தார் என்று சொன்னாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் தீ மூட்டவே கூடாது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி என்று தொடங்கும். காய்ச்சலோ என்று நினைத்துப் படுத்துவிடுவோம், அதுதான் ஆபத்து. அலாரத்தை ஸ்டவ் இருக்கும் அதே அறையில், ஸ்டவ்விலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தூரத்தில் மாட்டுவது வழக்கம். மற்ற விவரம் அலாரத்தோடு வரும் தாளில் இருக்கும். அறைச் சுவரில் காற்றுக்காக விட்டிருக்கும் துளையைக் குளிர் வருகிறது என்று துணி வைத்து அடைக்காதீர்கள். தீ மூச்சு விடுவது அதன் வழியேதான்.

புது ஸ்டவ் என்றால் முதல் இரண்டு மூன்று முறை சின்னத் தீயாக மூட்டி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டுங்கள். வெளிப்பூச்சு பதமாகும்போது வாடையும் லேசான புகையும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அந்தச் சமயத்தில் பூச்சு இளகியிருக்கும், கை வைக்க வேண்டாம்.

விறகுத் தீயை மேலிருந்து மூட்டுவது

கீழே காகிதம், நடுவில் சுள்ளி, மேலே கட்டை என்று அடுக்கித்தான் நமக்குப் பழக்கம். ஸ்டவ்வில் இதைத் தலைகீழாகச் செய்வது நல்லது. புகை கணிசமாகக் குறையும், அடுக்கு சரிந்து தீ அணைவதும் இல்லை.

முதலில் கம்பித்தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பழைய விறகுச் சாம்பல் இருக்கிறதா என்று பாருங்கள். விறகு சாம்பல் மெத்தையில்தான் நன்றாக எரியும். அதன் மேல் நடுத்தரக் கட்டைகள் இரண்டை, நடுவில் சிறு இடைவெளி விட்டு, பக்கம் பக்கமாக வையுங்கள். அவற்றின் மேல் கட்டைவிரல் பருமனுள்ள சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு அடுக்கு. உச்சியில் ஒரு ஃபயர்லைட்டர், அதாவது தீ மூட்ட விற்கும் சிறு கட்டி. இரண்டு காற்றுத் திறப்புகளையும் முழுசாகத் திறந்து, பற்றவைத்து, கதவை ஒருக்களித்து வையுங்கள். விரல் நுழையும் அளவு போதும். ஐந்து பத்து நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். கதவைத் திறந்துபோட்டு வேறு வேலைக்குப் போய்விடக் கூடாது.

சுள்ளிகள் மளமளவென்று பிடித்ததும் கதவைச் சாத்துங்கள். கீழே உள்ள கட்டைகளும் பற்றிக்கொண்ட பிறகு கீழ்க்காற்றை மெல்ல மூடிவிடுங்கள். இனி மேல்காற்றுதான் கைப்பிடி. அதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். சரியான இடம் வந்ததைத் தீயே காட்டும். அடித்துக்கொண்டு மேலே ஓடிய சுவாலை நிதானத்துக்கு வந்து, கட்டையைத் தொடாமல் அதற்குச் சற்று மேலே மிதப்பது போலச் சுருண்டு சுருண்டு ஆடும். நிறம் பளிச்சென்ற மஞ்சள். சிவந்து, நுனியில் கரும்புகை விட்டு, சோம்பலாக ஆடினால் காற்றை அதிகமாகக் குறைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம், கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

வெளியே போய்ப் புகைபோக்கி உச்சியையும் பாருங்கள். மூட்டிய கால் மணி நேரத்துக்குள் புகை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அடங்கியிருக்க வேண்டும்.

ஒற்றைச் சுவர்ப் புகைக்குழாயாக இருந்தால் அதில் காந்தத்தால் ஒட்டும் வெப்பமானி ஒன்றை மாட்டுங்கள். ஏறக்குறைய 115 முதல் 245 டிகிரி செல்சியஸ் வரை நல்ல நிலை. அதற்குக் கீழே தார் படியும், மேலே போனால் ஸ்டவ்வுக்கே கேடு. செலவு குறைவு, புதியவர்களுக்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது.

குளிர்ந்து கிடக்கும் புகைபோக்கி சில நாள் புகையை மேலே இழுக்காமல் அறைக்குள் தள்ளும். காற்றே அசையாத பனிமூட்ட நாளில் இது அதிகம். அடுக்கிய தீயை மூட்டும் முன் ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்தி உள்ளே மேற்பக்கமாகக் காட்டுங்கள். சுவாலை மேலே இழுபட்டால் சரி. இழுபடவில்லை என்றால் இன்னும் ஒன்றிரண்டு காகிதம் எரித்துக் குழாயைச் சூடாக்கிய பிறகு தொடங்குங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினாலும் புகை உள்ளே வரும், அதை நிறுத்திவிடுங்கள்.

எவ்வளவு, எப்போது போடுவது

காய்ந்த விறகு கிலோவுக்கு சுமார் 4 கிலோவாட் மணி சூடு தரும். ஸ்டவ்வின் திறன் 75 சதவீதம் என்றால் அறைக்கு வருவது 3. ஆக, 5 கிலோவாட் ஸ்டவ்வை முழு வேகத்தில் ஓட்ட மணிக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று அதிகம் போதும். அதாவது முக்கால் மணிக்கு ஒருமுறை ஒன்று அல்லது இரண்டு கட்டை. பெட்டி நிறைய அடைத்துவிட்டால் அடிக்கடி எழ வேண்டாமே என்று பலர் செய்வதுண்டு. அடைத்தால் தீ முதலில் திணறிப் புகையும், பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக் கட்டுக்கு அடங்காமல் போகும். உள்சுவர்க் கல்லின் உயரத்தைத் தாண்டி ஒருபோதும் அடுக்காதீர்கள்.

சுவாலை தணிந்து, செக்கச் சிவந்த தணல் மட்டும் மிஞ்சும் நேரம்தான் அடுத்த கட்டைக்கு நேரம். காற்றைத் திறந்துவிட்டு, கதவை ஒரு அங்குலம் திறந்து சில விநாடி பொறுங்கள். பிறகு நிதானமாகத் திறங்கள். சட்டென்று இழுத்தால் புகையும் சாம்பலும் கூடவே வெளியே வரும். தணலைப் பரப்பி, கட்டையை வைத்து, அது பற்றும் வரை காற்றைக் குறைக்காதீர்கள்.

இரவு முழுக்கக் கனன்றுகொண்டிருக்கட்டும் என்று விறகை நிறைய போட்டுக் காற்றை அடைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். காலையில் கண்ணாடி கன்னங்கரேலென்று இருப்பது தெரியும். புகைபோக்கிக்குள் அதே கறுப்பு படிந்திருப்பது தெரியாது.

கரி எரிப்பது

கரிக்குக் கம்பித்தட்டு சுத்தமாக இருக்க வேண்டும். விறகுக்கு வைத்த சாம்பல் மெத்தையை வாரிவிடுங்கள். சுள்ளியும் ஃபயர்லைட்டரும் வைத்துத் தீயாக்கி, அது நன்றாகப் பிடித்ததும் மேலே ஒரே அடுக்காகக் கரிக்கட்டிகளைப் பரப்புங்கள். கீழ்க்காற்று முழுசாகத் திறந்திருக்கட்டும், மேல்காற்று கண்ணாடியைக் காக்கும் அளவுக்குக் கொஞ்சம் போதும். கரி மெதுவாகத்தான் பிடிக்கும். அரை மணி, முக்கால் மணி ஆகலாம், பொறுமையாக இருங்கள். அடுக்கு சிவந்த பிறகு மேலும் போட்டு, எல்லாம் கனன்றதும் கீழ்க்காற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பல மணி நேரம் உங்களைத் தேடாது. இரவு முழுக்கத் தணலை வைத்திருக்க வேண்டுமென்றால் அதற்கு ஏற்றது கரிதான்.

புதிதாகக் கரி போடும் முன் கம்பித்தட்டை அசைக்கும் கைப்பிடியைச் சில முறை ஆட்டிச் சாம்பலை உதிர்க்க வேண்டும். சிவந்த தணல் கீழே விழத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். கதவு மூடியிருக்கும்போதே செய்தால் தூசி பறக்காது.

சாம்பல் தட்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கரி எரிக்கும் வீட்டில் தினமும் காலி செய்ய வேண்டும். தட்டு நிரம்பிச் சாம்பல் கம்பித்தட்டைத் தொட்டுவிட்டால், கம்பிகளுக்கு அடியில் போய்க் குளிர்விக்கும் காற்று நின்றுவிடும். இரண்டு பக்கமும் சூடேறிக் கம்பிகள் வளைந்துவிடும். வளைந்த கம்பித்தட்டுகளில் பெரும்பாலானவை இப்படிக் கெட்டவைதான்.

சாம்பல்

மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே நீறு பூத்த நெருப்பாகக் கங்கு நாள் கணக்கில் கிடக்கும். மூடி போட்ட இரும்பு வாளியில் மட்டும் அள்ளி, வீட்டுக்கு வெளியே, சிமென்ட் தரையில், மர வேலிக்கும் குப்பைத் தொட்டிக்கும் தள்ளி வையுங்கள். அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் வாளி, சாதாரண வேக்குவம் கிளீனர் எதுவும் கூடாது. முழுசாக ஆறிய விறகுச் சாம்பலைச் செடிகளுக்குக் கொஞ்சமாகத் தூவலாம். அது காரத்தன்மை உள்ளது, அதனால் அமில மண் கேட்கும் செடிகளுக்கு வேண்டாம். கரிச் சாம்பல் தோட்டத்துக்கு ஆகாது, குப்பைக்குத்தான்.

தொடர்ந்து செய்ய வேண்டியவை

கண்ணாடியை ஸ்டவ் முழுசாக ஆறிய பிறகுதான் துடைக்க வேண்டும். ஈரக் காகிதத்தை மெல்லிய விறகுச் சாம்பலில் தோய்த்துத் தேய்த்தால் லேசான கறை போய்விடும். உலோக நார் போட்டுத் தேய்க்காதீர்கள். துடைத்த மறுநாளே திரும்பக் கறுக்கிறது என்றால் விறகு ஈரமாக இருக்கிறது, அல்லது காற்றை அதிகம் குறைக்கிறீர்கள். துடைப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

கதவைச் சுற்றிப் பதித்திருக்கும் கயிறு போன்ற அடைப்பு தேய்ந்தால் நாம் கேட்காத காற்று உள்ளே போகும், தீ கைக்கு அடங்காது. ஒரு காகிதத்துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது, சுலபமாக வந்துவிட்டால் கயிற்றை மாற்ற வேண்டும். பழையதைப் பிடுங்கி, பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பசையைச் சுரண்டி, அதே பருமனுள்ள புதுக் கயிற்றை வெப்பம் தாங்கும் பசையில் பதியுங்கள். பதிக்கும்போது கயிற்றை இழுக்காதீர்கள். இழுத்தால் மெலிந்து அடைப்பு தளர்ந்துவிடும். கதவை மூடி ஒரு இரவு விட்டுவிடுங்கள்.

புதியவர்கள் கண்ணுக்குப் படாத ஒரு பாகம் உண்டு. தீ எரியும் பெட்டிக்குள் கூரையாக இருந்து, புகையை நேரே மேலே போகவிடாமல் சுற்றி அனுப்பும் பேஃபிள் தகடு. அதன் முதுகில் கரித்தூளும் சாம்பலும் சேரும். சேர்ந்து வழியை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு அறைக்குத்தான் திரும்பும். அதிகம் எரிக்கும் காலத்தில் மாதம் ஒருமுறை, ஸ்டவ் ஆறியிருக்கும்போது, அதைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். வெர்மிகுலைட் என்ற, வெப்பம் தாங்கும் கனிமத்தால் ஆனது சுலபமாக உடையும், பார்த்துக் கையாளுங்கள். உள்சுவர்க் கற்களில் மயிரிழை விரிசல் இருந்தால் பரவாயில்லை. பொடிந்து உதிர்ந்து இரும்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும்.

புகைபோக்கியைத் துப்புரவு செய்வது வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம். விறகு நிறைய எரித்தால் இரண்டு முறை.

ஆபத்து வந்தால்

புகைபோக்கியில் ரயில் போவது போன்ற இரைச்சல் கேட்டாலோ, உச்சியில் தீப்பொறி பறந்தாலோ, உள்ளே படிந்த தார் பற்றிக்கொண்டது என்று அர்த்தம். கதவையும் எல்லாக் காற்றுத் திறப்புகளையும் மூடுங்கள். எல்லோரையும் வெளியே அனுப்பி, தீயணைப்புத் துறையை அழையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான இரும்பு விரிசல் விடும், ஆவி அடிக்கும். தானாக அடங்கிவிட்டது போலத் தெரிந்தாலும் புகைபோக்கியைப் பரிசோதிக்காமல் மறுபடி மூட்டக் கூடாது.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். முடிந்தால் போகும் வழியில் ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள், அவசர உதவியை அழையுங்கள். யாருக்காவது தலை வலித்தால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இரும்பு எங்காவது செக்கச் சிவந்து தெரிந்தால் அளவுக்கு மீறி எரிகிறது. காற்றைக் குறைத்துத் தானே தணிய விடுங்கள். சாம்பல் தட்டின் கதவைத் திறந்து வைத்து எரிப்பதுதான் இதற்கு வழக்கமான காரணம்.

குளிர்காலம் முடிந்ததும்

கடைசித் தீ ஆறிய பிறகு சாம்பல், கரித்தூள் எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள். அவை காற்றின் ஈரத்தை இழுத்து, கோடை முழுக்க இரும்பைத் தின்னும். பேஃபிளைக் கழற்றிச் சுத்தம் செய்து வையுங்கள். காற்றுத் திறப்புகளைத் திறந்தே விடுங்கள், உள்ளே காற்றோட்டம் இருந்தால் துரு ஏறாது. கீலுக்கும் கைப்பிடிக்கும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். துருப் புள்ளி தெரிந்தால் தேய்த்துவிட்டு ஸ்டவ் பெயின்ட் பூசுங்கள். புகைபோக்கித் துப்புரவுக்கும் அடுத்த குளிர்காலத்து விறகுக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். குளிர் தொடங்கிய பிறகு அந்த ஆட்களைப் பிடிப்பது கஷ்டம், கிடைக்கும் விறகும் ஈரமாகத்தான் இருக்கும்.